கேம் தியரி எடுக்கலாமா, வேண்டாமா?

போன ஞாயிற்றுக்கிழமை பையன் ஹாஸ்டலில் இருந்து போன் செய்தான். "அப்பா, அடுத்த செமஸ்டர் எலெக்டிவ்ல கேம் தியரி எடுக்கட்டுமா?" வீடியோ கேம் செய்யக் கற்றுக்கொடுப்பார்களாக்கும் என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தங்கமணி கேட்டது ஒரே கேள்விதான்: "அதைப் படிச்சா வேலை கிடைக்குமா?"

நியாயமான கேள்வி. இங்கே புனேயில் நம்மூர்க் குடும்பங்கள் எல்லாம் கேட்கிற கேள்வியும்கூட. அவன் கூட்டாளிகள் சுலபமாக மார்க் வருகிற வேறு பாடத்துக்கு ஓடுகிறார்களாம். ஆனால் அங்கே ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுத்தான் கிரேடு. சுலபம் என்று எல்லோரும் போய் உட்கார்ந்தால் எல்லோருக்கும் மார்க் வரும், ஒரு மார்க் குறைந்தாலும் கிரேடு இறங்கும். அடுத்தவர் என்ன செய்வார் என்று யோசித்து நம் முடிவை எடுப்பது, இதுதான் அந்தப் பாடமே என்றான்.

எடுத்துக்கோடா என்று நான் சொன்னதற்குக் காரணம் வேறு. அதில் என் தப்பு ஒன்று இருக்கிறது.

2023-ல் ஜோசா கவுன்சலிங். அவனுக்குத் திருச்சி என்.ஐ.டி. மேல் கொள்ளை ஆசை, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீடு. ஆனால் பன்னிரண்டாவது மகாராஷ்டிராவில் படித்ததால் திருச்சியில் அவன் வெளிமாநிலத்துக்காரன்! "அங்கெல்லாம் கிடைக்காது. முதல் சாய்ஸை வீணாக்காதே, கிடைக்கிறதை முதல்ல போடு" என்று அடம்பிடித்து வரிசையை மாற்ற வைத்தேன். முதலில் போட்டது கிடைத்தது. எல்லாச் சுற்றும் முடிந்தபின் பார்த்தால், அவனுக்குப் பின்னால் ராங்க் வாங்கிய வெளிமாநிலப் பையன்களுக்குத் திருச்சியில் அவன் கேட்ட சிவில் கிடைத்திருந்தது.

அந்த ஒதுக்கீட்டின் அடிப்படை, கேல், ஷாப்லி என்ற இருவர் 1962-ல் எழுதிய ஒரு கட்டுரை. உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். முதலாவதற்கு ராங்க் போதவில்லையா, அடுத்ததற்கு இறங்கும். மேலே எட்டாததைப் போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. அதனால் மனசில் உள்ள வரிசையை அப்படியே எழுதுவதுதான் நல்லது. இந்த வகை வேலைக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். எனக்கு அப்போது இது தெரியாது. சாமர்த்தியம் என்று நினைத்துப் பிள்ளையின் சீட்டைக் கெடுத்தேன்.

இந்தப் பாடம் எல்லோருக்கும் என்று சொல்லமாட்டேன். நிகழ்தகவும் நிரூபணமும் கண்டாலே ஓடுகிறவர்கள், அரியர் வைத்திருப்பவர்கள் இந்த செமஸ்டரில் தொடவேண்டாம். அடுத்தவனை ஜெயிக்கும் வித்தை கிடைக்கும் என்று நம்பியும் போகவேண்டாம். வேலைக்கு நேராக உதவாமலும் போகலாம். ஆனால் ஏலம், சீட் ஒதுக்கீடு, சம்பளப் பேச்சு என்று வாழ்நாள் முழுக்க யாரோ போட்ட விதிக்குள்தான் முடிவெடுக்கிறோம். அந்த விதி எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும் பழக்கம் இருபது வயதில் வந்தால், மூன்று கிரெடிட் கொடுக்கலாம், தப்பில்லை.

பையன் இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் உறுத்துகிறது. இந்த முறை வரிசையை நீயே போடு என்று சொல்லிவிட்டேன். தங்கமணிக்கு இன்னும் சமாதானமாகவில்லை.

உங்கள் வீட்டில் இந்த வருஷம் யாராவது ஜோசாவில் சாய்ஸ் நிரப்பினால், பிடித்ததை மேலே போடவிடுங்கள். அப்பாக்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவது நல்லது.