சும்மாடும் லிட்டர் கணக்கும்

காட்டு வழிகாட்டி வேலைக்கு எந்தப் பை நல்லது என்று கேட்டுப் பாருங்கள். நம்ம ஆட்கள் உடனே லிட்டரில் பதில் சொல்வார்கள். 60 லிட்டர், 75 லிட்டர். அப்புறம் துணி எத்தனை டெனியர், மழை உறை கூடவே வருமா. யாருடைய முதுகு என்று ஒருத்தர்கூடக் கேட்பதில்லை. எனக்குச் சண்டை அதோடுதான்.

லிட்டர் என்பது கொள்ளளவு, சுமை அல்ல. மரக்காணம் உப்பளத்து வரப்பில் நின்றால் இது சட்டென்று புரியும். ஒரு லிட்டர் உப்பு ஒரு கிலோவைத் தாண்டும். 60 லிட்டர் பை நிறைய உப்பு அள்ளினால் 70 கிலோ பக்கம் வந்துவிடும். அதே பையில் தூங்குபையையும் ஸ்வெட்டரையும் திணித்தால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தூக்கிப் போகலாம்.

சுமைப் பையின் நவீனக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். 1952ல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டம் வைத்த பைகளை விற்க ஆரம்பித்தார். அவற்றோடு இடுப்புப் பட்டையும் பரவலானது. தோளில் தொங்கிய எடையின் பெரும்பங்கு இடுப்பெலும்புக்கு இறங்கியது. ஆகவே கனமான சுமைக்குப் பை வாங்கும்போது முதல் கேள்வி அதன் முதுகு நீளம். கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். பட்டை அந்த எலும்பின் மேல் உட்காராவிட்டால் நீங்கள் கொடுத்த இருபதாயிரமும் தோளில்தான் தொங்கும்.

அடுத்தது உழைப்பு. டெனியர் கூடினால் ஆயுளும் கூடும் என்பது பாதி உண்மை. பை பெரும்பாலும் துணியில் கிழிவதில்லை, தோள்பட்டை தைத்த மூட்டில்தான் பிய்கிறது. நம் கடலோர வெக்கையில் உள்பக்கத்து பாலியூரித்தேன் பூச்சு சில வருஷத்தில் பிசுபிசுத்து உரிந்துவிடும். உப்புக்காற்று ஜிப்பின் உலோகத் தலையை அரிக்கும். வாயைச் சுருட்டிக் கட்டும் பையில் அந்தத் தொல்லை குறைவு. நம்மூருக்கு என் அளவுகோல் எளிது: பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைக்கிற அண்ணன் இதைத் தைத்துத் தருவாரா? மாட்டார் என்றால் அது தொழிலுக்கான பை இல்லை.

இதையெல்லாம் சொன்னால் இன்னொரு கூட்டம் கிளம்பி வரும். "நம்ம பாட்டிங்க சும்மாடு வச்சே சுமந்தாங்க, அதுதான் சயின்ஸ்." மரக்காணத்தில் விடியற்காலையில் பார்க்கலாம். நெஞ்சுப் பட்டையும் இடுப்புப் பட்டையும் வைத்த கேமராப் பையோடு வருகிறவர்கள், தலையில் உப்புக்கூடையோடு வரும் அக்காக்களைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். படத்துக்குக் கீழே இந்த வரி.

அந்த சயின்ஸையும் பார்த்துவிடலாம். கென்யப் பெண்கள் தம் உடல் எடையில் 20 சதவீதம் வரை கூடுதல் சக்தி செலவாகாமல் தலையில் சுமக்கிறார்கள் என்று 1986ல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எல்லோரும் பகிர்வது இதைத்தான். 50 கிலோ பெண்ணுக்கு அந்த 20 சதவீதம் வெறும் 10 கிலோ. உப்புக்கூடை 10 கிலோவில் நிற்குமா? 2010ல் தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் செய்த ஆய்வில் முதுகுச் சுமையைவிடத் தலைச்சுமைக்குப் பொதுவான அனுகூலம் எதுவும் தெரியவில்லை, ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம்தான் தெரிந்தது. அதை யாரும் பகிர்வதில்லை.

சும்மாடு நல்ல கருவி. ஒரு பழந்துணிச் சுருளில் எடையைப் பரப்பிக் கூடையை ஆடாமல் நிறுத்துவது சாதாரண வேலையில்லை. ஆனால் இடுப்புப் பட்டையையும் சும்மாட்டையும் எதிரே வைத்து "உனக்கு எது வேணும்மா?" என்று யாரும் கேட்டதில்லை. உடனே உப்பளத்துக்குப் பை கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது அசட்டுத்தனம். கூடையை ஒரு நொடியில் கவிழ்க்கலாம், பையைக் கழற்றிக் கொட்ட முடியாது. உப்புநீர் முதுகெல்லாம் வழியும். அங்கே வேண்டியது தள்ளுவண்டி, அது போக அகலமான வரப்பு, சின்னக் கூடை. சுமக்கிறவரைக் கேட்டால் சொல்லிவிடுவார்.

நம் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல் நட்டு மேலே ஒரு பலகைக்கல். பிள்ளைத்தாச்சியாக இறந்த பெண்ணின் நினைவாக நடுவார்கள். யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்கி ஏற்றத் தோதான உயரம். சுமக்கிறவர் எங்கே களைப்பார் என்று யோசித்த பொறியியல் அது. 1967ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் 128ஆம் பரிந்துரையில் ஆணுக்கு 55 கிலோவைத் தாண்ட வேண்டாம், பெண்ணுக்கு அதைவிட கணிசமாகக் குறைக்க வேண்டும் என்றது. காட்டு நடைக்கு அதில் பாதியே எனக்கு அதிகமாகப் படுகிறது.

2024ல் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணைய முன்பதிவுக்குத் திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாக வருகிறார்கள். புக் பண்ணும்போது சாப்பாடு சைவமா அசைவமா என்று பார்க்கிறோம். வழிகாட்டியின் முதுகில் எத்தனை கிலோ, அந்தப் பையைத் தேர்ந்தெடுத்தது அவரா, காசு கொடுத்தது யார் என்று கேட்கிறோமா? கயிறு, முதலுதவிப் பெட்டி, எல்லோருக்குமான தண்ணீர், வழியில் சோர்ந்துபோன ஒருவரின் பை எல்லாம் கடைசியில் அவரிடம்தான் சேரும்.

நடை ஏற்பாடு செய்கிற நண்பர்களே, பையின் விலையைக் கட்டணத்தில் சேருங்கள். வழிகாட்டியைக் கடைக்குக் கூட்டிப் போங்கள், கூடவே 20 கிலோ அரிசியையும். அதைப் பையில் போட்டு மாட்டிக்கொண்டு அவர் அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்கட்டும். கடைக்காரர் முறைப்பார். முறைத்தால் என்ன, அடுத்த கடை இருக்கிறது.