ஓரக்கண்ணால் ஒரு நெபுலா



போன தை அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். இரவு எட்டரை மணிக்கு, தெரிந்தவரிடம் இரவல் வாங்கிய ஆறு அங்குல டெலஸ்கோப்பை மொட்டை மாடியில் வைத்து, ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை நோக்கித் திருப்பினோம். முதலில் பார்த்தவன் அண்ணன் மகன். "என்ன அத்தை, கலரே இல்ல. புகை மாதிரி இருக்கு" என்றான். முகம் வாடிவிட்டது.

அவன்மேல் என்ன தப்பு? செல்போனில் ஓரியன் நெபுலா ரோஸும் ஊதாவுமாக ஜொலிக்கிறதே! ஆனால் அந்தப் படங்கள், கேமரா மணிக்கணக்கில் ஒளியைச் சேர்த்துச் சேர்த்து எடுத்தவை. நம் கண்ணுக்கு அப்படிச் சேமிக்கத் தெரியாது. மங்கலான வெளிச்சத்தில் நிறமும் பிடிபடாது. அதனால்தான் சாம்பல், சிலருக்கு லேசான பச்சை.

"நேராப் பார்க்காதே, கொஞ்சம் ஓரக்கண்ணால பாரு" என்றேன். விழித்திரையின் நடுப்பகுதியைவிடச் சற்றுத் தள்ளியிருக்கும் பகுதிக்குத்தான் மங்கல் ஒளி நன்றாகத் தெரியும். மறுபடி குனிந்தவன் எழுந்திருக்கவே இல்லை. "அத்தை, றெக்கை விரிச்ச மாதிரி இருக்கு! நடுவுல குட்டியா நாலு ஸ்டார்!"

அந்த நாலுக்கும் சேர்த்து ட்ரபீசியம் என்று பெயர். அந்த வாயு மேகத்திலேயே பிறந்த இளம் நட்சத்திரங்கள். அவற்றில் மிகப் பிரகாசமானது வீசும் புற ஊதாக் கதிரால்தான் மேகம் முக்கால்வாசி ஒளிர்கிறது. தூரம் சுமார் 1,300 ஒளியாண்டுகள். அவன் கண்ணில் விழுந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது காஞ்சியில் பல்லவர் ஆட்சி! எந்தப் போட்டோவும் தராத நேரடிச் சந்திப்பு இது. அதனால்தான் அந்தச் சாம்பல் புகை எனக்கு இத்தனை அழகாகத் தெரிகிறது.

கண்டுபிடிப்பதும் சுலபம். தை, மாசி இரவுகளில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும், ஓரியனின் இடுப்புப் பட்டை. அதற்குத் தெற்கே வாள்போல் மங்கலாக ஒரு கோடு. அதன் நடுவில் கலங்கலாகத் தெரிவதுதான் நெபுலா.

உடனே பிள்ளைக்கு டெலஸ்கோப் வாங்கலாமா என்று கேட்பீர்கள். 'ஐந்நூறு மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அப்படி வாங்கிய ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது; தொட்டாலே ஸ்டாண்டு ஆடும், ஒன்றும் நிலைத்துத் தெரியாது. எத்தனை மடங்கு என்பதைவிட லென்ஸோ கண்ணாடியோ எத்தனை அகலம் என்பதுதான் முக்கியம். முதலில் ஒரு 10x50 பைனாகுலர் போதும். சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்த்தால் ஓரியன் நெபுலா பளிச்சென்று தெரியும்.

காசு செலவில்லாத இன்னொன்றும் வேண்டும்: இருட்டு. கண் பழக இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து.

அன்று நாங்கள் மாடி விளக்கை அணைத்ததும், "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டபடி எதிர்வீட்டு அம்மா படியேறி வந்தார். பிள்ளைகள் நகர்ந்து வரிசையில் இடம் விட்டார்கள்.