முயலின் இதய அளவும் எக்ஸ்-கதிர்ப் படமும்

முயலின் மார்புப் படத்தில் இதயத்தின் நிழல் சற்றே அகன்று தோன்றியதும் 'இதயம் பெருத்துள்ளது' என எழுதிவிடுதல் எளிது. ஆனால் அது அறிவியல் முறையன்று. அந்த ஒரு வரியை நம்பி, நலமுள்ள இனவிருத்தி முயல் ஒன்று பண்ணையினின்று கழிக்கப்படலாம்; வேண்டாத மருந்துக்கும் உட்படலாம். ஆதலின் கண்மதிப்பை விடுத்து அளவையைக் கைக்கொள்ளுதல் இன்றியமையாதது.

இதற்குரிய அளவுகோல் முயலின் உடலிலேயே அமைந்துள்ளது. 1995-இல் புக்கானன், பியூக்லர் என்னும் இருவர் நாய்களுக்கென வகுத்த முள்ளெலும்பு அளவை பின்னர் முயல்களுக்கும் கையாளப்பட்டது. பக்கவாட்டுப் படத்தில், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து இதயத்தின் நுனிவரை நீளமும், அதற்குச் செங்குத்தாக மிக அகன்ற இடத்தில் அகலமும் அளக்கப்படும். இவ்விரண்டையும் தனித்தனியே நான்காம் மார்பு முள்ளெலும்பின் முன்விளிம்பிலிருந்து முதுகெலும்பின்மீது பொருத்தி, எத்தனை முள்ளெலும்புகளுக்குச் சமம் என எண்ணிக் கூட்டுதல் வேண்டும். நாய்களில் இதன் சராசரி 9.7, மேல் எல்லை 10.5. முயல்களைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வொன்றில், 1.6 கிலோகிராமுக்குக் குறைந்தவற்றில் சராசரி ஏறத்தாழ 7.6, மேற்பட்டவற்றில் ஏறத்தாழ 8 எனக் கண்டனர். நாய்க்குரிய எல்லையை முயலுக்கு வைத்துப் பார்ப்பவர், உண்மையிலேயே பெருத்த இதயத்தையும் நலமுடையதெனக் கொள்வர்.

எனினும் எண்ணும் ஏமாற்றக்கூடும். முயலின் மார்பறை சிறியது. கொழுத்த முயலில் இதயத்தைச் சூழ்ந்த கொழுப்பும், வளர்ந்த பின்னரும் மறையாத தைமஸ் சுரப்பியும் நிழலைப் பெருக்கிக் காட்டும். மூச்சை வெளிவிட்ட வேளையில் எடுத்த படமும், உடல் திருகிய நிலையில் எடுத்த படமும் அத்தகையனவே. முன்கால்களை முன்னோக்கி நீட்டாவிடில் தோள்தசை இதயத்தின் முன்விளிம்பை மறைத்துவிடும். ஆயின், நேரான படத்தைப் பெறும் பொருட்டு முயலை வலிந்து அழுத்துதலும் தகாது. பின்கால்களை உதறும் வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறிவதுண்டு. மூச்சுத் திணறும் முயலுக்கு முதலில் வேண்டுவது ஓய்வும் பிராணவாயுவுமே, படம் பின்னரே.

மேலும், இதயத்தசை தடித்துள்ளதா, அறைகள் விரிந்துள்ளனவா, இதய உறையில் நீர் கோத்துள்ளதா என்பதை நிழல் பிரித்துக் காட்டாது. அதனை மீயொலிப் பரிசோதனையே தெளிவுபடுத்தும்.

எனவே, ஒவ்வொரு படத்துடனும் முயலின் இனம், எடை, கிடத்திய நிலை, மூச்சின் நிலை ஆகியன குறிக்கப்படுதல் வேண்டும். சோவியத் சின்சில்லா, வொயிட் ஜயன்ட், அங்கோரா என நம் நாட்டில் வளர்க்கப்படும் இனங்களில், நலமுள்ள முயல்களின் அளவுகள் இனவாரியாகத் தொகுக்கப்படுதல் நன்று. மாணவர்க்கு நோயுற்ற இதயத்தைக் காட்டுமுன், நலமுள்ள பல இதயங்களை அளக்கப் பயிற்றுவித்தலே ஆசிரியர்க்குரிய முதற்கடமையாகும்.