எண்பலகையும் பிரமாணமும்

கோயம்புத்தூரில் பம்பு உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றில், நெடுங்காலம் உழைத்து வழித்தடம் தேய்ந்திருந்த மில்லிங் இயந்திரத்துக்குப் புதிதாக டிஆர்ஓ என்னும், நகர்ந்த தூரத்தை எண்ணில் காட்டும் எண்பலகை பொருத்தி, 250 மில்லிமீட்டர் இடைவெளியில் இரு துளைகள் போட்ட நாற்பது உறுப்புகளைச் செய்து அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் எண்பலகை 250.000 என்றே காட்டியிருக்க, நாற்பதும் திரும்பி வந்துவிட்டன. நான் அங்கே போயிருந்த அன்று, ஃபோர்மேன் 25, 50, 75, 100 மி.மீ. ஸ்லிப் கேஜ்களை, அதாவது துல்லிய நீளமுள்ள எஃகுக் கட்டைகளை, மெல்லிய துணியால் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முறுக்கி ஒரே துண்டுபோல் ஒட்டச்செய்து, டேபிளில் இறுக்கிய தடுப்புக்கட்டையை ஒட்டி வைத்தார். அதன் வெளிமுகத்தில் டயல் கேஜின் முனையைத் தொடவைத்து, முள்ளையும் எண்பலகையையும் பூஜ்யத்தில் நிறுத்தினார். பிறகு ஸ்லிப்புகளை எடுத்துவிட்டு, தடுப்புக்கட்டையைத் தொட்டு முள் மறுபடி பூஜ்யத்துக்கு வரும்வரை டேபிளை நகர்த்தினார். நகர்ந்த தூரம் சந்தேகமின்றி 250. எண்பலகை சொன்னதோ 249.975.

எண்பலகைக்கு எண்ணைத் தரும் சென்சாரில் பழுதில்லை. கண்ணாடி ஸ்கேலில் பொறித்த நுண்கோடுகளை அது பிசகாமல் எண்ணியது. ஆனால் எண்ணியது ஸ்கேல் இருக்கும் இடத்தின் நகர்வையே ஒழிய, வேலை நடக்கும் இடத்தின் நகர்வை அன்று. டேபிளின் பின்புறம் இருந்த ஸ்கேலுக்கும் துளைக்கும் இடையே 250 மி.மீ. தூரம் இருந்ததால், தேய்ந்த தடத்தில் டேபிள் 10 மீட்டருக்கு 1 மி.மீ. என்னும் அற்பமான கோணம் திரும்பினாலே, அந்தத் தூரத்தில் 0.025 மி.மீ. பிழை பிறந்துவிடும். அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்று ஜெர்மானிய விஞ்ஞானி எர்ன்ஸ்ட் அபே 1890-லேயே சொல்லிவைத்த தத்துவத்தின் சூட்சுமம் இதுதான்.

கடைசி இலக்கம் 0.005 வரை காட்டுகிறதே என்று கேட்பவர்கள், நுணுக்கமாகக் காட்டுவது வேறு, மெய்யாகக் காட்டுவது வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். பூஜ்யப் பொத்தானை அமுக்குவதும் போதாது. தொடக்கம் சரியாகுமே தவிர, தூரம் கூடக்கூட வளரும் பிழை அப்படியே இருக்கும். ஆகையால் 50 மி.மீ.க்கு ஒரு தரமாக, போகும்போதும் திரும்பும்போதும் சோதித்து, கண்ட வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, திருத்தப் பட்டியலில் ஏற்றுவதே முறையான காலிபரேஷன். வெப்பத்தையும் கவனிக்க வேண்டும்: நீள அளவைக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ், சித்திரை மாதத்தில் 35 டிகிரியில் கிடக்கும் 250 மி.மீ. எஃகு சுமார் 0.04 மி.மீ. நீண்டிருக்கும், அலுமினியமோ அதைப்போல் இருமடங்கு நீளும்.

வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் ஆண்டுதோறும் ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கும் பட்டறைகள்கூட, இயந்திரத்தோடு பிணைந்திருப்பதால் கழற்றி அனுப்ப முடியாத டிஆர்ஓவைப் பட்டியலிலிருந்தே விட்டுவிடுகின்றன. எந்த உபகரணத்தை நம்பி நாள் முழுதும் உலோகத்தை வெட்டுகிறோமோ, அதையே சோதனைக்கு அப்பாற்பட்டதாக வைத்திருப்பது பெரும் விபரீதம். நேரமும் பணமும் வீணாகும் என்போருக்கு, ஒரு காலைப்பொழுதின் சோதனை பெரிதா, திரும்பி வந்த நாற்பது உறுப்புகள் பெரிதா என்பதைத் தவிர நான் கேட்கக்கூடியது வேறில்லை. தனியாக வாங்க இயலாத சிறு பட்டறைகள் நான்கைந்து சேர்ந்து, சான்று பெற்ற ஸ்லிப் கேஜ் பெட்டி ஒன்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்களுக்கு டிஆர்ஓவின் பொத்தான்களைக் கற்பிக்கும் அன்றே அதைச் சந்தேகிக்கவும் கற்பிக்க வேண்டும்.

1896-ல் ஸ்வீடனில் யோஹான்சன் என்னும் துப்பாக்கித் தொழிற்சாலைப் பணியாளர் உருவாக்கிய இந்த ஸ்லிப் கேஜ்கள், அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களின் வழியே புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் மூல அளவோடு ஒரு பட்டறை மேஜையைச் சங்கிலிபோல் இணைக்கின்றன. பிரமாணம் என்ற சொல்லுக்கு அளவு, சான்று, சத்தியம் என்ற மூன்று பொருளையும் நம் முன்னோர் வைத்தார்கள். திரும்பி வந்த உறுப்புகள் குவிந்திருந்த மூலையைப் பார்த்தபடி அந்த ஃபோர்மேன் 249.975 என்பதை நோட்டில் எழுதிக்கொண்டபோது, அந்த மூன்று பொருளும் அங்கே ஒன்றாகவே இருந்தன.