வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கினால் விரல் கணக்கு தீராது

கொஞ்சம் நீளமான பதிவு. பட்டறை வேலைக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் பொறுமையாகப் படியுங்கள்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இல்லை என்று பெருமைப்படுகிறோம். அந்த ரிக்கையும் லாரி பாடியையும் கட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குப் பத்து விரலும் முழுசாக இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. என்னிடம் படித்த பையன்கள் பலர் பத்தாவதோடு வெல்டிங்குக்குப் போனார்கள். வழியில் பார்த்துக் கை கொடுக்கும்போதே சிலருக்குக் குறை தெரிந்துவிடும்.

கேட்டால் மொதலாளி சொல்வது ஒன்றுதான். "அவன் கவனக்குறைவுங்க சார். கார்டை அவனே கழட்டிப்போட்டான்."

இது சும்மா வரும் பேச்சு அல்ல. கவனக்குறைவு என்பதற்காக இழப்பீட்டை மறுக்க முடியாது. ஆனால் பாதுகாப்புக் கார்டை வேண்டுமென்றே கழற்றியவருக்கு, சாவோ முழு ஊனமோ இல்லாவிட்டால், கொடுக்க வேண்டியதில்லை என்று சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. அதனால்தான் எல்லா விபத்திலும் இதே கதை. சின்ன கிரைண்டரில் பெரிய வீல் மாட்டி வேலை வாங்கினால் கார்டு எப்படி நிற்கும்? அந்த வீலை வாங்கிக் கொடுத்தது யார்?

அடுத்தது ஆஸ்பத்திரிக் கட்டில். "நம்ம பையன்தானுங்களே, பேசி முடிச்சுக்கலாம்" என்று ஐம்பதாயிரத்தைக் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தத் தாள் செல்லாது. 1923ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவே உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போனாலும் இந்தப் பாதுகாப்பு போகவில்லை.

இப்போது கணக்கு. நான் தொடக்கப்பள்ளி வாத்தியார், கணக்கை விட மாட்டேன். வயது 30, மாதச் சம்பளம் 15,000 என்று வையுங்கள். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. கட்டை விரல் போனால் இதில் 30 சதவீதம், அதாவது 5,61,546. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், 2,62,054. ஐம்பதாயிரத்தை நீங்களே கழித்துப் பாருங்கள். மருத்துவச் செலவு இதில் சேராது, அது தனி. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தடித்தால் 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாவிட்டால் அபராதமும் உண்டு.

அட்டவணையே முடிவும் அல்ல. ஒரு கை போன தச்சர் ஒருவரின் வழக்கில், இனி அவரால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அது முழு ஊனம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1975லேயே சொல்லிவிட்டது. வெல்டருக்கும் அந்த நியாயம் பொருந்தாதா?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறை என்றால் இஎஸ்ஐ. அங்கே பதிந்த ஆளுக்கு இழப்பீடும் வைத்தியமும் அதன் வழியாகத்தான். ஆட்களைப் பதியாமல் ஒன்பது பேர் என்று கணக்கு காட்டும் சாமர்த்தியம் நமக்குத் தெரியாததா?

"நாங்களும் சின்னத் தொழில்தானுங்க, எங்க போறது" என்பார்கள். லாரியை இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் விடுவீர்களா? ஆளுக்கும் பாலிசி இருக்கிறது. வண்டிக்குப் போடத் தெரிந்தவருக்கு வெல்டருக்குப் போடத் தெரியாமல் போனது எப்படி?

அடிபட்டவர் வீட்டாருக்கு: ஆஸ்பத்திரியில் "பைக்கிலிருந்து விழுந்தான்" என்று எழுதச் சொல்வார்கள். விடாதீர்கள். எந்தப் பட்டறை, எந்த மெஷின், எத்தனை மணி என்று விபத்துப் பதிவேட்டில் ஏறட்டும். சம்பளம் ஜிபேயில் வந்திருந்தால் அதை எடுத்து வையுங்கள். மனுவை இரண்டு வருஷத்துக்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.