பள்ளிக்கூடம் விட்ட பின் பிள்ளை எங்கே?

பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டுமென்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லிற்று. யாருடைய காப்புக்கு? ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. அதற்குப் பதிலாக 2020-ல் எழுதப்பட்ட சட்டமும் அதே ஆறு வயதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆறு முடிந்த பிள்ளை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்பது சட்டம் செய்த பிரபுக்களின் எண்ணம் போலும்!

காலை வேளைக்குத் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் 2022-ல் சிற்றுண்டி தொடங்கிற்று. நல்ல காரியம்; ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் நாலு மணி சுமாருக்குப் பள்ளியைப் பூட்டிவிட்டால், ஆறரை மணிக்கு மில்லிலிருந்து வருகிறவளின் பிள்ளை எங்கே நிற்பது? தெருவிலா? அக்காள் என்கிற இன்னொரு குழந்தையின் தலையில்தான் இந்தப் பாரம் விழுகிறது. அவள் படிப்பு அத்தோடு சரி.

விளக்கு வைக்கிற நேரத்தில் பெண்பிள்ளை வீட்டிலிருந்தால்தான் லட்சுமி வருவாள் என்கிறார்கள் வைதீகர்கள். அவள் கூலி வந்தால்தானே ஐயா, விளக்குக்கு எண்ணெய் வரும்? தகப்பன் வீட்டிலில்லை என்று லட்சுமி திரும்பிப் போனதாக மட்டும் யாரும் சொல்லக் காணோம்!

பள்ளிக் கட்டடம் பொதுஜனங்களின் வரிப்பணத்தில் கட்டியது. அதை ஏழு மணி வரை திறந்துவைத்து, அவ்வூர்ப் பெண்கள் இருவரைத் தொண்டு என்று ஏய்க்காமல் மாதச் சம்பளத்துக்கு நியமித்து, பிள்ளைகளுக்கு ஒரு பிடி சுண்டலும் கொடுக்கட்டும். பணமில்லை என்று சொல்லுகிறவர்கள், கும்பாபிஷேகத்துக்கு எங்கிருந்து வருகிறதென்று முதலில் சொல்லட்டும்.