துறை மாற ஒரு வழி வேண்டும்

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி விதிகள், படிப்பின் நடுவே இடமாற்றத்தை அனுமதிப்பதில்லை. பொது அறுவைச் சிகிச்சையில் சேர்ந்த ஒருவர், தனக்கு மனநல மருத்துவமே ஒத்துவரும் என்று ஆறு மாதத்தில் தெளிந்தாலும், பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாண்டையும் ஓட்ட வேண்டும். இல்லையேல் இடத்தை விட்டு விலகி, பிணைத்தொகையைக் கட்டிவிட்டு, நீட் முதுநிலைத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் அந்தத் தொகை 30 லட்சம் ரூபாய் வரை இருந்தது. முதலாண்டுக்குள் ஒருமுறை துறை மாறும் உரிமையை விதியிலேயே தர வேண்டும் என்பது நம் கருத்து.

துறையைத் தேர்ந்தெடுக்க நாம் தரும் அவகாசத்தைப் பாருங்கள். 2021இல் வந்த கட்டாயப் பயிற்சி விதிகளின்படி, ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் காலத்தில் மனநல மருத்துவத்துக்கும் மயக்க மருத்துவத்துக்கும் தலா இரண்டு வாரம்தான். ரத்தம் எடுப்பதும் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதுமாக அதிலும் பாதி கரைந்துவிடும். நீட் தயாரிப்பு வேறு துரத்தும். பிறகு கலந்தாய்வில் தன் முறை வரும்போது எது மிச்சமிருக்கிறதோ அதில் சேர்கிறார்கள். இவ்வளவு குறைந்த அனுபவத்தில் வாழ்நாள் தொழிலை முடிவு செய்யச் சொல்லிவிட்டு, பொருந்தாவிட்டாலும் நகரக் கூடாது என்பது அநியாயம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த விவரங்களின்படி, ஐந்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதுநிலை மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கருத்துக் கூறிய முதுநிலை மாணவர்களில் சுமார் 31 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தனர். இதற்கெல்லாம் பொருந்தாத துறைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஓய்வில்லாத பணியும் மேலிடத்துக் கெடுபிடியும் பெரிய காரணங்கள். ஆனால் தாங்க முடியாதவருக்கு மாற்றுவழி இல்லை என்பது அந்தத் துன்பத்தை இன்னும் கூட்டவே செய்யும்.

இடம் வீணாகும் என்பார்கள். அந்தக் கவலையில் உண்மை உண்டு. ஒருவர் போனால் அவருடைய இரவுப் பணி உடன் படிப்பவர்கள் தலையில் விழும், நோயாளிகளும் பாதிக்கப்படுவார்கள். ஆனால் அந்த ஆயிரம் பேரும் இதே கெடுபிடிகளை மீறித்தானே வெளியேறினார்கள்? காலியிடங்களோ ஏற்கெனவே இருக்கின்றன. 2021 நீட் முதுநிலைத் தேர்வுக்கான கலந்தாய்வுச் சுற்றுகள் முடிந்த பின்னும் 1,456 இடங்கள் நிரம்பவில்லை. மேலும் ஒரு சுற்று நடத்த உத்தரவிட 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 2023இல் இடங்களை நிரப்புவதற்காகத் தகுதி வரம்பே பூஜ்ய பெர்சன்டைலுக்கு இறக்கப்பட்டது. ஆள் கிடைக்காத இடத்துக்கு விரும்பி வருகிறவரை ஏன் தடுக்க வேண்டும்? மாறுவோர் விவரத்தை அடுத்த கலந்தாய்வுக்கு முன்பே பெற்றுவிட்டால், அவர்கள் விடும் இடத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

எல்லோரும் ரேடியாலஜிக்கும் தோல் மருத்துவத்துக்கும் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் இதைவிட வலுவானது. கடினமாகப் படித்து முன்வரிசையில் வந்தவருக்குக் கொல்லைப்புற வழி துரோகம் செய்துவிடக் கூடாது. எனவே, சேர்ந்த ஆண்டில் ஒருவருடைய தரவரிசைக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கும் எந்தத் துறை கிடைத்திருக்குமோ அதற்கு, அல்லது கடைசிச் சுற்றுக்குப் பிறகும் காலியாக உள்ள இடத்துக்கு மட்டுமே மாறலாம் என்று வரையறுக்க வேண்டும். மாற்றத்தைக் கலந்தாய்வுக் குழுவே நடத்த வேண்டும். கல்லூரி நிர்வாகங்களிடம் விட்டால் அது விலைபேசப்படும். தனியார் கல்லூரிகளின் கட்டணக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் துறை மாறுகிறவர் முன்பு பெற்ற பயிற்சியில் பொருந்தும் பகுதியைக் கணக்கில் கொள்ளும் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் துறை மாறுவதால் முதல் துறைக்குரிய ஆண்டுகள் கடந்துவிட்டால், அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் தரும் நேரடிப் பயிற்சி நிதி பாதியாகிறது. அந்தச் சுமை மருத்துவமனையைச் சேர்கிறது. நம் ஆணையமும் 2024 ஜனவரியில், பிணைத்தொகை முறையைக் கைவிட்டு, அதற்குப் பதிலாக விலகுவோருக்கு ஓராண்டுத் தடை விதிக்கலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. கடன் வாங்கிப் படிக்கும் குடும்பங்களுக்கு அது நிம்மதிதான். என்றாலும் விலகாமலே மாற அதில் வழியில்லை. அதற்கு நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. ஆணையமே தன் 2023 விதிகளைத் திருத்தி, அடுத்த கலந்தாய்வு அறிவிப்புக்கு முன்பாக வெளியிடலாம்.